தேசப்பன் சொட்டுச் சொட்டாக வீடு வந்த கதை

கடல் கொண்டுபோன தேசப்பன், அவனுக்குக் கருமாதி முடிந்து மூன்று மழைக்காலம் போனபிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், காற்று ஊதி ரப்பர் வளையம் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள், உள்ளங்கை அகல மீனாக, தன் மனைவி கஸ்தூரியின் மடியில் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

வெள்ளை உடம்பு, முதுகில் மஞ்சள், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, இதெல்லாம் எந்த வண்ணத்துப்பூச்சி மீனுக்கும் உள்ளதுதான். ஆனால் எந்த வண்ணத்துப்பூச்சி மீனுக்கும் இடது கண் மேல் நங்கூரக் கயிறு அறுத்த தழும்பு இருக்காது. விலாவில் பச்சை குத்திய எழுத்தில் கஸ்தூரி என்று இருக்காது. தெற்குக் கடற்கரையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்த தெர்மாகோல் பெட்டியை, தான் வேலை பார்க்கும் வளர்ப்புக் கடல்மீன் கடையில் பிரித்துக்கொண்டிருந்த கஸ்தூரி, ஒவ்வொரு பையாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கீழே வைத்தபடி வந்தவள், அந்தப் பையை மட்டும் கீழே வைக்கவில்லை. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து படித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரா?"

"ஆமாங்க சார்."

"ரொம்ப நேரம் பையில இருந்துட்டாரு. சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க. ஆனா தண்ணில விடுறப்ப அவசரப்பட்டுடாதீங்க, உங்களுக்குத் தெரியாததில்ல."

ஷேர் ஆட்டோக்காரனும் அதிகம் கேட்கவில்லை. "இன்னாக்கா, மீனா?" என்றான். "வூட்டுக்காரரு" என்றாள். "அப்ப வெயில் பக்கம் உக்காராதக்கா, இப்டி நவுந்துக்கோ" என்று சொல்லி, பள்ளம் வந்த இடத்திலெல்லாம் வண்டியைத் தூக்கி வைப்பதுபோல் ஓட்டினான்.

கஸ்தூரிக்கு ஒரே பயம்தான். கடலிலிருந்து பிழைத்து வந்தவன் தன் வீட்டு வாசலில் செத்துவிடக் கூடாது. கடையில் எத்தனை மீனை அப்படிப் பார்த்திருக்கிறாள். ஆயிரம் மைல் பையில் கிடந்தும் உயிரோடு வந்த மீன், வாங்கிப்போனவர் ஆசை தாங்காமல் அப்படியே தொட்டியில் கொட்டியதும் ஒரு சுற்றுச் சுற்றிப் பக்கவாட்டில் சாயும். ஒரு தண்ணீர் இன்னொரு தண்ணீர் ஆவதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்காதவர்கள் மறுநாள் கடைக்கு வந்து மீன் சரியில்லை என்று சண்டை போடுவார்கள்.

இன்னொரு பயமும் அதன் அடியில் கிடந்தது. அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. தேசப்பன் இந்த வீட்டைப் பார்த்ததே கிடையாது. கடற்கரைக் குப்பத்தை இடித்து, எல்லாரையும் லாரியில் ஏற்றி, கடல் சத்தம் கேட்காத இந்தப் பதினாறு மாடிக் கட்டடத்தில் இறக்கிவிட்டதற்கு முந்தைய வாரம்தான் அவன் கடலுக்குப் போனான். போவதற்கு முன்னால், வலையை உதறியபடி, "அந்தத் தீப்பெட்டில நான் கால் வெக்க மாட்டேன், நீ வேணா ஏறிக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே இருந்தாள். அதுதான் கடைசிப் பேச்சு.

உடம்பு கிடைக்காதவனுக்குக் கருமாதி செய்து முடித்த கையோடு, கஸ்தூரி எட்டாவது மாடி வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்தாள். கீழே குழாயடியில் தண்ணீர் வரும்போது குடம் குடமாகச் சுமந்து ஏற்றி, கடையில் வாங்கிய உப்பைக் கரைத்து, பாறைகளை அடுக்கி, மோட்டார் போட்டு, அதை மூன்று மழைக்காலமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். மீன் ஒன்றும் விடவில்லை. வெறும் தண்ணீருக்குக் கரண்டு செலவழிக்கிறாளே என்று பேசாதவர்கள் இல்லை. "யாருக்குடி தொட்டி?" என்று பக்கத்து வீட்டு ஜரினா கேட்டபோதெல்லாம், "ஆவட்டும்க்கா, தண்ணி பழகணும்" என்றே சொல்லிவந்தாள். யாருக்கு என்று இப்போது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அவள் லிஃப்டில் ஏறி எட்டாவது மாடியில் இறங்குவதற்குள் செய்தி படி வழியாக ஏறி முன்னால் போய் நின்றது. குப்பத்து ஜனம் முழுவதும் நடையில் திரண்டிருந்தது. ஒருவரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. கடல் எடுத்ததைத் தரும், எந்தக் கரையில் எந்த ரூபத்தில் தரும் என்பதுதான் தெரியாது, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்பதுபோல் அவரவர் வேலையோடு வந்திருந்தார்கள். ஒருத்தி கையில் பூ இருந்தது. ஒருத்தி கிண்ணத்தில் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள்.

"அவனுக்குப் புடிக்குமேன்னு வெச்சேன்."

"மீனுக்கு மீன் குழம்பா குடுப்ப?"

"மீனுன்னா? தேசப்பன்டி அவன். எங்கூட்டுக் கல்யாணத்துல உக்காந்து தின்னான் பாரு, பந்திக்கு மீதி வெக்கல."

ஒரு கிழவர் பையை உற்றுப் பார்த்து, "ஆமா, அதே முழி. வலைல பங்கு கேட்டா இப்டித்தான் முழிப்பான்" என்றார். சிரிப்பு நடை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. பூ வைத்திருந்தவள், கஸ்தூரி இனிமேல் பொட்டு வைக்கலாமா, தாலி யார் எடுத்துக் கட்டுவது, மீனுக்குக் கை இல்லையே என்று தொடங்க, பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வாலிபன் ஒருவன் செல்போனைத் தூக்க, ஃப்ளாஷ் வெட்டியது. பைக்குள் மீன் துடித்து மூலைக்குப் போய் முட்டியது.

"வெளிச்சம் போடாத" என்றாள் கஸ்தூரி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நடை அமைதியானது. "மொதல்ல அவரு மூச்சு விடட்டும். அப்புறம் பொட்டெல்லாம் பாத்துக்கலாம்."

ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டார்கள். தொட்டி விளக்கை அணைத்தாள். பையைக் கட்டோடு தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டாள், உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை. அப்போதுதான் கரண்டு போனது. மின்விசிறி நின்றது, தொட்டியின் குமிழி நின்றது, கட்டடம் முழுக்க ஒரு பெருமூச்சுப்போல் எல்லாம் அடங்கியது. ஜரினா போய்ச் சுவரோரம் கூடத்து விளக்கின் ஸ்விட்ச்சைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இது கெட்டுப்போன ஸ்விட்ச்சு, தானா கீழ வுழும். கரண்டு வந்ததும் பளிச்சுனு எரிஞ்சிட்டா அந்த மனுஷன் பயந்துடுவாரு. நான் இங்கியே நிக்கிறேன், நீ வேலையப் பாரு."

"கை கடுக்கும்க்கா."

"ஆத்தோரத்துல இருந்தப்போ வெள்ளத்துல ராத்திரி முழுக்கக் கதவப் புடிச்சிக்கினு நின்னவ நான். போடி."

கஸ்தூரி பையின் கட்டை அவிழ்த்தாள். இனி நிற்க முடியாது. பை திறந்துவிட்டால், இவ்வளவு நேரம் அவன் விட்ட மூச்சும் கழிவும் சேர்ந்த தண்ணீரே அவனுக்கு விஷமாகத் தொடங்கும். வேகமாகவும் போகக் கூடாது, நின்றுவிடவும் கூடாது, நடுவில் இருக்கிற மெல்லிய கோட்டில் மட்டும் போக வேண்டும். வெள்ளை வாளியில் பைத்தண்ணீரோடு அவனைச் சரித்து இறக்கினாள். மெல்லிய குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறுமுனையில் ஒரு முடிச்சுப் போட்டு, வாயால் உறிஞ்சி விட்டு, முடிச்சை இறுக்கி இறுக்கி, ஓடிய தண்ணீரைச் சொட்டாக்கினாள். சொட்டு. சொட்டு. வாளியில் வளையம் வளையமாகப் பரவியது. தேசப்பன் வாளியின் அடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"கோவத்துலதான் இருக்கான்" என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் படிக்கட்டில் கனத்த காலடி கேட்டது. தேசப்பனின் அண்ணன் கோதண்டம், குப்பத்துக்குத் தலைவரான நாட்டார், கீழே குழாயடியில் நிரப்பிய ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தோளில் வைத்து, எட்டு மாடியும் ஓரிடத்தில்கூட இறக்கி வைக்காமல் ஏறி வந்திருந்தார். கூட்டம் வழி விட்டது. அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். கருமாதி செய்துவிட்ட ஒருவன் கடலிலிருந்து திரும்பி வந்தால், வீட்டுக்குள் போவதற்கு முன்னால் அவன் தலையில் மூன்று சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கடலைக் கழுவிவிட வேண்டும். கழுவாமல் உள்ளே விட்டால், கடல் தன் கணக்குக் குறைகிறதென்று அதே வீட்டு இன்னொரு ஆம்பளையை எடுத்துக்கொள்ளும். குப்பம் இருந்த நாளிலிருந்து இதுதான் முறை.

கோதண்டத்தின் ஒரே மகன் பார்த்திபன் விடியலுக்கு முன்னால் முதல் பஸ் பிடித்துக் கரைக்குப் போய்ப் படகு ஏறியவன் இன்னும் திரும்பவில்லை. காலையிலிருந்து போன் போகவில்லை. அதையும் எல்லாரும் அறிவார்கள். அதனால்தான் வழி விட்டவர்கள் யாரும் கஸ்தூரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வூட்டுக்குள்ள எதுக்குக் கொண்டாந்த?" என்றார் கோதண்டம். மூச்சு இரைத்தது. "வாசல்லயே நிறுத்தி என்னைக் கூப்பிட்டிருக்கணுமா இல்லையா?"

"நிறுத்துற மாதிரியா மாமா வந்தாரு?"

"முறைன்னு ஒண்ணு கீது."

"நல்ல தண்ணி பட்டா செத்துடுவாரு மாமா. கடல் மீனு. உடம்பு முழுக்கத் தண்ணி ஏறி ஊதிப்போயிடும்."

"அவன் மீனு இல்ல. என் தம்பி."

"உங்க தம்பிதான். மீனாத்தான் வந்திருக்காரு."

கோதண்டம் குடத்தை இடுப்புக்கு இறக்கி, மடியிலிருந்த பித்தளைச் சொம்பை முக்கி எடுத்தார். கஸ்தூரி வாளிக்குக் குறுக்கே கையை நீட்டினாள். அந்தக் கையில் பட்டுச் சொம்பு ஆட, முக்கால்வாசி தரையில் போய், ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் வாளிக்குள் விழுந்தது.

ஒரு வாய்தான். தேசப்பன் வாளியை ஒருமுறை சுற்றினான். இன்னொருமுறை சுற்ற முயன்று பாதியில் விட்டுவிட்டான். பிறகு மெல்லச் சாய்ந்து, ஒரு பக்கமாகப் படுத்து, வாயைத் திறந்து திறந்து மூடினான். விலாவில் பச்சை எழுத்து மேல்பக்கம் பார்த்தபடி கிடந்தது.

வாசலில் ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். கஸ்தூரி முழங்காலிட்டு, குழாயின் முடிச்சை ஒரு மயிரிழை தளர்த்தி, சொட்டைக் கொஞ்சம் விரைவாக்கி, இன்னொரு கையால் வாளித் தண்ணீரை மேலாக அளைந்து அதில் காற்றுப் புகுத்தினாள். அளைந்துகொண்டே, தலை நிமிராமல் பேசினாள்.

"நம்மளை இங்க கொண்டாந்து கொட்டுனாங்களே மாமா, அன்னிக்குக் காலைல கடல்ல மூஞ்சி கழுவிட்டு, சாயங்காலம் இந்தக் குழாய்ல கழுவுனோம். நடுவுல ஒரு நாள் குடுத்தாங்களா? செண்பகம் அக்கா அந்த மொத மழைக்கு முன்னாடி செவுத்தப் பாத்துப் படுத்தாங்க. சோறு வேணாம்னாங்க. டாக்டரு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாரு, ஒண்ணும் இல்லன்னாரு. ஒண்ணும் இல்லாமயே போயிட்டாங்க. எப்டிப் படுத்திருந்தாங்கன்னு நீங்கதான பாத்தீங்க? நான் தலைய மடில வெச்சிருந்தேன், நீங்க கால்மாட்டுல உக்காந்திருந்தீங்க."

கோதண்டம் வாளியைப் பார்த்தார். தம்பி ஒருக்களித்து, வாளியின் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். செண்பகம் அவருடைய மனைவி. அவளும் இந்தப் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தாள்.

சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்விட்ச்சின் மேலிருந்த ஜரினாவின் கை கடுத்தது. மறு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் புள்ள கடல்ல கீறான் கஸ்தூரி" என்றார் கோதண்டம். நாட்டாருடைய குரலாக இல்லை.

"தெரியும் மாமா. அவனை இடுப்புல தூக்கினு திரிஞ்சவ நான். ஊத்த வேணாம்னு சொல்லல. இந்தத் தொட்டித் தண்ணி இன்னா தண்ணி? அதே குழாயடித் தண்ணிதான். எட்டு மாடி நான் தூக்கி வந்த நல்ல தண்ணி. அதுல உப்புப் போட்டிருக்கேன், சோத்துக்குப் போடற மாதிரி. இதுல மூணு சொம்பு மொண்டு, அவரு தலைல வுடுங்க. சொட்டு சொட்டா வுடுங்க."

"உப்புப் போட்டு ஊத்துன்னு முறைல இல்ல."

"சொட்டா ஊத்தாதேன்னும் இல்லயே மாமா."

கூட்டத்தில் அந்தக் கிழவர் கனைத்தார். "ஊத்தணும்னுதான் சொல்லியிருக்கு கோதண்டம். எவ்ளோ நேரத்துலன்னு யாரும் சொல்லல."

கோதண்டம் விரலைத் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. "இது கடலா? ருசியே இல்ல."

"வூடுன்னா அப்டித்தான் மாமா இருக்கும்."

அவர் தோள்துண்டை இடுப்பில் கட்டினார். குடத்து நல்ல தண்ணீரை நடைக்குக் கொடுத்துவிட்டார். அங்கே தண்ணீரை யாரும் வீணாக்க மாட்டார்கள், கைமாறிக் கைமாறிக் குடித்துத் தீர்த்தார்கள். காலிச் சொம்பைத் தொட்டியில் மொண்டு ஸ்டூலின் மேல் வைத்து, கஸ்தூரி காட்டியபடி குழாயை அதற்குள் விட்டு, முடிச்சைத் தன் பருத்த விரல்களால் பிடித்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஆயிரம் வலை முடிச்சுப் போட்ட விரல்கள். இந்த ஒரு முடிச்சு அவருக்கு அடங்க வெகு நேரம் பிடித்தது. இறுக்கினால் நின்றது, விட்டால் ஓடியது. கடைசியில் சொட்டியது.

அப்படியே பொழுது சாய்ந்தது. வாளி நிறைய நிறைய கஸ்தூரி பாதியை மொண்டு வெளியே எடுத்தாள். அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது, வந்த தண்ணீரின் நோய்நொடி வீட்டுத் தண்ணீருக்கு ஆகாது, சாக்கடையில் ஊற்ற வேண்டும் என்று அவள் சொன்னதும் நடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கடல்தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவதா. கிழவர் கையை நீட்டினார். ஒரு கை அளவு வாங்கி மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, உச்சந்தலையில் தேய்த்துக்கொண்டார். பிறகு எல்லாரும் வந்தார்கள். டம்ளரிலும் பாட்டில் மூடியிலும் வெறும் உள்ளங்கையிலும் வாங்கிக்கொண்டு, அவரவர் கதவுக்குப் போய், நிலைப்படியில் தெளித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கோதண்டம் மட்டும் வாங்கவில்லை. அவர் வேலையாக இருந்தார். சட்டைப்பையிலிருந்த போனை அவ்வப்போது தொட்டுப் பார்ப்பார், வெளியே எடுக்க மாட்டார்.

முதல் சொம்பு முடிந்தபோது தேசப்பன் அப்படியேதான் கிடந்தான். இரண்டாவது சொம்பு பாதியில் ஒரு துடுப்பு அசைந்தது. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடுமோ என்பதுபோல். மூன்றாவது சொம்பை வைத்தபோது அவன் கொஞ்சம் கொஞ்சமாக, மயக்கம் தெளிந்தவன் சுவரைப் பிடித்து எழுவதுபோல் நிமிர்ந்து, தண்ணீரில் நேராக நின்றான்.

"பேசாம இருங்க" என்றார் கோதண்டம், பேசாமல் இருந்த கூட்டத்தைப் பார்த்து.

கடைசிச் சொட்டு விழுந்தது. கஸ்தூரி முழங்கைவரை நனைத்துக்கொண்டு, வலை போடாமல், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வாளிக்குள் இறக்கினாள். அவன் விலகவில்லை. வாளித் தண்ணீர் விரலிடுக்கில் வடியட்டும் என்று ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து, தொட்டிக்குள் கையை அமிழ்த்தி விரித்தாள். அவன் ஒரு மின்னல்போல் போய்ப் பாறைக்குப் பின்னால் மறைந்தான்.

அப்போது கரண்டு வந்தது. மின்விசிறி சுழன்றது, குமிழி கிளம்பியது, நடை விளக்குகள் எரிந்தன, கூடத்து விளக்கு மட்டும் எரியவில்லை; ஜரினா தன் முழு உடம்பாலும் சுவரில் சாய்ந்திருந்தாள்.

எல்லாரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டுப் பாறை. அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவன். கண்ணாடியில் மோதி மோதிச் செத்த மீன்களைக் கஸ்தூரி பார்த்திருக்கிறாள், மூலையில் ஒடுங்கித் தின்னாமலே போனவற்றையும் பார்த்திருக்கிறாள். தண்ணீர் பழகிவிட்டது. வீடு பழகுமா என்பதற்கு எந்தக் குழாயும் கிடையாது.

கீழேயிருந்து லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறி வந்தது. கதவு திறந்தது. அரைக்கால் சட்டையும் உப்புப் படிந்த தலையுமாக, கையில் ஒரு பையில் நாலு காரப்பொடி மீனோடு பார்த்திபன் இறங்கினான்.

"இன்னா இது, எல்லாரும் இங்க கீறீங்க? போன் தண்ணில வுழுந்துடிச்சி நைனா. இஞ்சின் வேற நின்னு போச்சி, துடுப்பு போட்டுக்கினே வந்தோம். சித்தப்பா வந்துட்டாராமே, கீழ சொன்னாங்க. எங்க, நான் பாக்கறேன்."

கோதண்டம் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. கூட்டம் அவர் மகனைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தது. அவர் வாசலில் குறுக்கே கையை வைத்தார்.

"நில்றா அங்கியே."

"இன்னா நைனா?"

"கடல்ல இருந்து வர்ற. சட்டுனு உள்ள வராத. உக்காரு."

"பசிக்குது நைனா."

"உக்காருன்னேன்."

பார்த்திபன் ஒன்றும் புரியாமல் நடையில் உட்கார்ந்தான். கோதண்டம் அவன் முன்னால் மண்டியிட்டு, சொம்பின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரில் விரலை நனைத்து, மகனின் உச்சந்தலைக்கு மேல் பிடித்தார். விரல்நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு, தொங்கி, விழுந்தது. மறுபடி நனைத்தார்.

"தலைல இன்னா வுடற? கூச்சமா கீது. சித்தப்பா, பாரு இவர" என்று பார்த்திபன் வீட்டுக்குள் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

தொட்டியில் பாறையோரம் தண்ணீர் அசைந்தது. மஞ்சள் முதுகு தெரிந்தது. தேசப்பன் வெளியே வந்து, கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, போர்வை தொங்கிய ஜன்னலையும் அடுப்பையும் கொடியில் கிடந்த அவளுடைய சேலையையும் பார்த்துக்கொண்டே மெதுவாக நீந்தி, கடைசியில் கஸ்தூரி நிற்கும் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து நின்றான். மத்தியானத்திலிருந்து நின்றுகொண்டும் மண்டியிட்டுக்கொண்டும் இருந்தவள், ஈரக் கையைத் துடைக்காமல், தொட்டிக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, கையை எடுத்துடலாம்" என்றாள் ஜரினாவிடம். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்டி" என்றாள் ஜரினா.

வாசலில் கோதண்டம் மறுபடியும் விரலை நனைத்தார்.